மருந்து மாத்திரையா? மாவு மாத்திரையா?
மனச்சோர்வைப் போக்குவது எது?

இரண்டு மாத்திரைகள். ஒரே நிறம். ஒரே அளவு. பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

ஒன்றில் மருந்து இருக்கிறது. மற்றொன்றில் மருந்தே கிடையாது. வெறும் மாவும் சர்க்கரையும்தான்!

மனம் சோர்ந்து கிடக்கும் நூறு பேருக்கு முதல் மாத்திரையைக் கொடுக்கிறார்கள். இன்னொரு நூறு பேருக்கு இரண்டாவது மாத்திரையைக் கொடுக்கிறார்கள். எட்டு வாரம் போகிறது. முதல் கூட்டத்தில் பலருக்குக் குணம் தெரிகிறது.

இரண்டாவது கூட்டத்தில்?

அங்கேயும் பலருக்குக் குணம் தெரிகிறது!

அப்படியானால் மருந்து எதற்கு? பணம் கொடுத்து மாத்திரை வாங்குவது எதற்கு? இந்தக் கேள்வி உலக டாக்டர்களை இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறது. கோடிக்கணக்கான மக்கள் தினமும் இந்த மாத்திரைகளை விழுங்குகிறார்கள். ஆகவே இது டாக்டர்களின் சண்டை மட்டும் அல்ல. வீட்டுக்கு வீடு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

கவலை வேறு, நோய் வேறு

மனச்சோர்வு என்றால் என்ன?

பரீட்சையில் தோற்றவன் இரண்டு நாள் அழுவான். உற்றாரை இழந்தவர் சோறு இறங்காமல் தவிப்பார். அது நோய் அல்ல. அது மனித சுபாவம்.

மனச்சோர்வு நோய் அப்படிப்பட்டது அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக நாள் முழுவதும், மனம் இருண்டு கிடக்கும். பிடித்த காரியத்திலும் ஆசை இருக்காது. தூக்கம் கெடும். பசி கெடும். "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் வரும். சிலருக்கு, உயிரை விட்டுவிடலாமா என்றும் தோன்றும்.

இதைச் சோம்பல் என்றும் நடிப்பு என்றும் வீட்டார் ஏசுவது உண்டு. அது தவறு. ஏச்சினால் இந்த நோய் தீராது.

நடனம் ஆடிய நோயாளிகள்

இதற்கு மருந்து கிடைத்த கதை வேடிக்கையானது. யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. தானாக வந்து சிக்கியது!

1952ஆம் ஆண்டு. நியூயார்க் நகரில் ஸீ வியூ என்ற காசநோய் ஆஸ்பத்திரி. அங்கே "ஐப்ரோனியாசிட்" என்ற புதிய காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். சிரித்தார்கள். சிலர் நடனமே ஆடினார்கள்!

"உடம்பு தேறுவதால் மட்டும் வந்த சந்தோஷமா? அல்லது மருந்து மனத்தையும் தொடுகிறதா?" என்று டாக்டர்கள் யோசித்தார்கள். நேதன் கிளைன் என்ற அமெரிக்க டாக்டர், மனச்சோர்வு நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து, பலன் இருக்கிறது என்று 1957இல் அறிவித்தார். ஆனால் அந்த மருந்து சிலருக்கு ஈரலைக் கெடுத்தது. 1961இல் அமெரிக்கக் கடைகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

இதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் இன்னொரு சம்பவம். ரோலண்ட் கூன் என்ற டாக்டர், புத்தி பேதலித்தவர்களுக்காக ஒரு மருந்தைப் பரிசோதித்தார். அவர்களுக்கு அது பயன்படவில்லை. 1956 ஜனவரியில், சோர்ந்து கிடந்த ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுத்தார். சில நாட்களில் அவள் முகம் தெளிந்தது. அதுதான் "இமிப்ரமின்".

பிறகு 1987இல் அமெரிக்க சர்க்கார் "ஃபுளுஆக்ஸெட்டின்" என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தது. "புரோசாக்" என்ற பெயரில் அது உலகம் முழுவதும் பரவியது. பழைய மருந்துகளைவிடத் தொந்தரவு குறைவு என்றார்கள். அதன் பிறகு அதே வகையில் பல மாத்திரைகள் வந்துவிட்டன.

வெறும் மாத்திரை எப்படி வேலை செய்கிறது?

மருந்து இல்லாத மாத்திரைக்கு டாக்டர்கள் "பிளாசிபோ" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "நான் இன்புறச் செய்வேன்" என்பது அந்த லத்தீன் சொல்லின் பொருள்.

புதிய மருந்து எதுவானாலும் இந்த வெறும் மாத்திரையோடு போட்டி போட்டு ஜெயிக்க வேண்டும். யாருக்கு எது போகிறது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்வார்கள். நோயாளிக்கும் தெரியாது. கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. முடிவில்தான் ரகசியம் வெளிவரும்.

சரி, மாவு மாத்திரை தின்றவருக்கு எப்படிக் குணம் தெரிகிறது? மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, காலம். மனச்சோர்வு பல பேருக்குத் தானாகவே ஏறி இறங்கும். மிகவும் மோசமாக இருக்கும்போதுதான் மனிதர் டாக்டரிடம் போவார். அதற்குப் பிறகு கொஞ்சம் இறங்குவது இயற்கை.

இரண்டாவது, கவனிப்பு. வாரம்தோறும் ஒரு டாக்டர் எதிரே உட்கார்ந்து, "எப்படி இருக்கிறீர்கள்? தூக்கம் வருகிறதா?" என்று கேட்கிறார். ஆதரவாகப் பேச ஆள் இல்லாதவனுக்கு அதுவே பெரிய மருந்து.

மூன்றாவது, நம்பிக்கை. "இனி எனக்கு விடிவு காலம் இல்லை" என்ற எண்ணம்தான் மனச்சோர்வின் உயிர்நாடி. "இந்த மாத்திரை என்னைக் காப்பாற்றும்" என்ற நம்பிக்கை அந்த இடத்திலேயே போய் அடிக்கிறது!

பேராசிரியர் போட்ட கணக்கு

இர்விங் கிர்ஷ் என்பவர் மனோதத்துவப் பேராசிரியர். மாத்திரைகளுக்கு அவர் பகைவர் அல்ல. தம்மிடம் வந்த சிலரை, மாத்திரை வாங்கிக்கொள்ளும்படி அவரே டாக்டர்களிடம் அனுப்பியதும் உண்டு.

1998இல் அவரும் அவருடைய மாணவர் ஒருவரும் 19 ஆராய்ச்சிகளை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். மாத்திரை தின்றவருக்குக் கிடைத்த பலனில் நாலில் மூன்று பங்கு, வெறும் மாத்திரை தின்றவருக்கும் கிடைத்திருந்தது!

டாக்டர்களிடையே பெரிய கூச்சல் கிளம்பியது. "இது தவறான கணக்கு" என்றார்கள். கிர்ஷ் விடவில்லை. மருந்துக் கம்பெனிகள் அனுமதி வாங்குவதற்காக அமெரிக்க மருந்து இலாகாவிடம் கொடுத்த தஸ்தாவேஜுகளை, தகவல் அறியும் சட்டத்தைக் காட்டிக் கேட்டு வாங்கினார். 2008இல் மறுபடியும் கணக்கு வெளிவந்தது. இந்தத் தடவை நான்கு மருந்துகள், 35 ஆராய்ச்சிகள், 5,133 நோயாளிகள்.

மனச்சோர்வை அளக்க டாக்டர்கள் ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். 1960இல் மாக்ஸ் ஹாமில்டன் என்ற டாக்டர் தயாரித்தது. 17 கேள்விகள். மொத்த மார்க் 52. மார்க் கூடினால் நோய் கடுமை. குறைந்தால் குணம்.

மருந்து தின்றவர்களுக்கு 9.6 மார்க் குறைந்தது. வெறும் மாத்திரை தின்றவர்களுக்கு 7.8 மார்க் குறைந்தது. வித்தியாசம் 1.8 மார்க்தான்!

இந்த 1.8 பெரிதா, சிறிதா? அந்தக் கேள்வித்தாளில் தூக்கத்துக்கு மட்டும் 6 மார்க் இருக்கிறது. குறைந்தது 3 மார்க் வித்தியாசம் இருந்தால்தான் நோயாளிக்குப் பயன் என்று பிரிட்டிஷ் வைத்திய அமைப்பு அப்போது அளவு வைத்திருந்தது. 1.8 அதை எட்டவில்லை.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு விஷயமும் இருந்தது. நோய் மிகவும் கடுமையாக இருந்தவர்களிடம் வித்தியாசம் கூடியது. அவர்களிடம் வெறும் மாத்திரையின் ஜாலம் அவ்வளவாகப் பலிக்கவில்லை.

பீரோவில் தூங்கிய ஆராய்ச்சிகள்

அதே 2008இல் இன்னொரு குட்டு வெளிப்பட்டது.

எரிக் டர்னர் என்ற டாக்டர் முன்பு அமெரிக்க மருந்து இலாகாவில் வேலை பார்த்தவர். 12 மருந்துகள் பற்றிய 74 ஆராய்ச்சிகளை அவரும் மற்றவர்களும் அலசினார்கள்.

அவற்றில் 38 ஆராய்ச்சிகள் மருந்துக்கு வெற்றி. 36 ஆராய்ச்சிகள் தோல்வி, அல்லது சந்தேகம். ஏறக்குறைய பாதிக்குப் பாதி!

வைத்தியப் பத்திரிகைகளில் வந்தவை எவை? வெற்றி பெற்ற 38இல் 37 அச்சேறின. மீதி 36இல் 22 வெளிவரவே இல்லை. 11 ஆராய்ச்சிகள் வெற்றி போன்ற தோற்றத்தில் வந்தன. தோல்வியைத் தோல்வி என்று ஒப்புக்கொண்டு வந்தவை மூன்றே மூன்று!

பத்திரிகைகளைப் படித்த டாக்டர் என்ன நினைப்பார்? "நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு ஆராய்ச்சிகள் ஜெயித்திருக்கின்றனவே" என்று நினைப்பார். நல்ல எண்ணத்தோடுதான் மருந்து எழுதுவார். குற்றம் அவருடையது அல்ல. அவர் கையில் கிடைத்தது பாதிக் கதை.

மறுபக்கமும் இருக்கிறது

"அப்படியானால் எல்லாம் ஏமாற்று. மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடு!" என்று யாரும் அவசரப்பட வேண்டாம்.

2018இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக டாக்டர் ஆந்திரேயா சிப்ரியானியும் மற்றவர்களும் மிகப் பெரிய கணக்கு ஒன்றை வெளியிட்டார்கள். 522 ஆராய்ச்சிகள். 1,16,477 நோயாளிகள். 21 மருந்துகள். வெளிவராத ஆராய்ச்சிகளையும் தேடிச் சேர்த்திருந்தார்கள்.

முடிவு என்ன? 21 மருந்துகளும் வெறும் மாத்திரையை ஜெயித்தன. சில நன்றாக ஜெயித்தன. சில ஒட்டி ஜெயித்தன.

கிர்ஷ் ஒன்று சொல்கிறார், சிப்ரியானி ஒன்று சொல்கிறார் என்று வாசகர்கள் குழம்ப வேண்டாம். இருவர் கணக்கும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரம் இல்லை. மருந்து ஜெயிக்கிறது. ஆனால் சராசரியாகப் பார்த்தால் கொஞ்சம்தான் ஜெயிக்கிறது.

அந்தச் "சராசரி" என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நூறு பேரில் 85 பேருக்கு மருந்தால் அதிகப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. மீதி 15 பேருக்கு 12 மார்க் பலன் கிடைத்தது. நூறு பேருக்கும் சராசரி போட்டால் என்ன வரும்? 1.8 தான் வரும்! தாளில் அது சிறிய எண். ஆனால் அந்தப் பதினைந்து பேருக்கு அது மறுபிறவி.

இது வெறும் கற்பனை அல்ல. 2022இல் 232 ஆராய்ச்சிகளைச் சேர்ந்த 73,388 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். சராசரி வித்தியாசம் அப்போதும் 1.75 மார்க்தான். ஆனால் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு, வெறும் மாத்திரையால் கிடைக்காத பெரிய பலன் மருந்தால் கிடைத்தது என்று கண்டார்கள்.

அந்தப் பதினைந்து பேர் யார்? முன்கூட்டியே சொல்ல வழி இல்லை. கொடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. மருந்து தின்றவருக்கு வாய் உலரும், குமட்டும். "ஓகோ, நமக்குக் கிடைத்தது நிஜ மருந்துதான்" என்று அவர் ஊகித்துவிடுவார். ஊகித்ததும் நம்பிக்கை கூடும். ஆகவே மருந்தின் வெற்றியில் ஒரு பங்கு இந்த நம்பிக்கையால் வந்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

"மூளையில் செரட்டோனின் குறைவதால் மனச்சோர்வு வருகிறது, மாத்திரை அதை நிரப்புகிறது" என்று பல காலம் சொல்லி வந்தார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். நோய் உண்மை. அதற்குச் சொன்ன காரணம்தான் சந்தேகம்.

தீமைகள் என்ன?

வெறும் மாத்திரைக்கும் மருந்துக்கும் பலனில் வித்தியாசம் சிறிதாக இருந்தால், தீமையையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

சாதாரணத் தொந்தரவுகள்: குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, வியர்வை, தூக்கம் கெடுதல் அல்லது தூங்கி வழிதல். இவற்றில் பல, சில வாரங்களில் குறையும். சில மாத்திரைகளால் உடம்பு பருக்கும். பலருக்குத் தாம்பத்திய ஆசை குறையும். வெட்கத்தால் இதைச் சொல்லாமல் மறைப்பவர் அதிகம். டாக்டரிடம் சொன்னால் மாற்று வழி செய்வார்.

வயோதிகர்களுக்கு ரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து, தலை சுற்றி விழ நேரலாம். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தக் கசிவு அபாயம் கூடும். ஒரு சமயம் சோர்வும் ஒரு சமயம் அளவு மீறிய உற்சாகமும் வருகிற நோயாளிக்கு இந்த மாத்திரையை மட்டும் கொடுத்தால், உற்சாகம் வெறியாக மாறக்கூடும். ஆகவே பழைய கதை முழுவதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இளம் வயதினருக்கு எச்சரிக்கை

மிகவும் முக்கியமான எச்சரிக்கை இது.

2004இல் அமெரிக்க மருந்து இலாகா, மாத்திரைப் பெட்டியோடு வரும் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிடும்படி உத்தரவிட்டது. 24 ஆராய்ச்சிகளில் 4,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பார்த்தபோது, தற்கொலை எண்ணமோ முயற்சியோ வெறும் மாத்திரை தின்றவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கு இருந்தது. மருந்து தின்றவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கு இருந்தது. நல்ல வேளையாக, அந்த ஆராய்ச்சிகளில் எந்தப் பிள்ளையும் உயிரை மாய்த்துக்கொள்ளவில்லை.

2007இல் இந்த எச்சரிக்கையை 24 வயது வரை நீட்டினார்கள். அதற்கு மேற்பட்ட வயதினரிடம் இப்படிப்பட்ட அதிகரிப்பு காணப்படவில்லை. 65 வயதைத் தாண்டியவர்களிடம் அபாயம் குறைந்தே இருந்தது.

பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் விஷயத்தில் ஒரு கம்பெனி அகப்பட்டுக்கொண்டதும் உண்டு. "பராக்ஸெட்டின்" என்ற மருந்து இளம் பிள்ளைகளுக்கு நல்ல பலன் தருகிறது என்று 2001இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. 275 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி அது. 2015இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் அதே விவரங்களைத் திரும்பப் பார்த்தார்கள். பலனும் இல்லை, பத்திரமும் இல்லை என்று தெரிந்தது. இதற்கிடையே 2012இல், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லாமல் அந்த மருந்தைப் பரப்பியது உள்படப் பல குற்றச்சாட்டுகளுக்காக, கிளாக்ஸோஸ்மித்கிளைன் கம்பெனி அமெரிக்க சர்க்காருக்கு 300 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது!

திடீரென்று நிறுத்தலாமா?

கூடவே கூடாது!

பல மாதம் சாப்பிட்ட மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, பயங்கரக் கனவு, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்ச்சி ஆகியவை வரலாம். "பழைய நோய் திரும்பிவிட்டது" என்று சிலர் பயந்துவிடுவார்கள். அது நோயாக இல்லாமல், மாத்திரை விட்டதன் விளைவாகவும் இருக்கலாம்.

2024இல் வெளிவந்த ஜெர்மன் ஆராய்ச்சியில், மருந்தை நிறுத்தியவர்களில் நூற்றுக்குச் சுமார் 31 பேருக்கு இத்தகைய தொந்தரவு வந்தது. வேடிக்கை என்ன தெரியுமா? வெறும் மாத்திரையை நிறுத்தியவர்களிலும் நூற்றுக்குச் சுமார் 17 பேருக்கு வந்தது! நம்பிக்கை குணப்படுத்துவது போலவே, பயம் நோவையும் உண்டாக்குகிறது. கடுமையான தொந்தரவு ஏறக்குறைய 35 பேரில் ஒருவருக்குத்தான் வந்தது.

நிறுத்தினால் நோய் திரும்புமா? 2021இல் பிரிட்டனில் 478 பேரை வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் நீண்ட நாள் மாத்திரை சாப்பிட்டு, நன்றாக இருந்தவர்கள். ஓராண்டில், தொடர்ந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு நோய் திரும்பியது. மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 56 பேருக்குத் திரும்பியது. அதாவது, மாத்திரை பலருக்குக் காவலாக நிற்கிறது. அதே சமயம், நிறுத்திய நூறு பேரில் 44 பேருக்கு நோய் திரும்பவில்லை. இதுவும் உண்மை.

ஆகவே நிறுத்துவதானாலும் டாக்டரின் யோசனைப்படி, படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும்.

வேறு வழி உண்டா?

உண்டு. பயிற்சி பெற்றவரோடு முறையாகப் பேசி, எண்ணங்களைத் திருத்திக்கொள்ளும் வைத்தியம் இருக்கிறது. தினமும் நடை, உடற்பயிற்சி ஆகியவையும் உதவுகின்றன. நோய் லேசாக இருந்தால், நோயாளியே விரும்பிக் கேட்டால் ஒழிய, முதலிலேயே மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று 2022இல் பிரிட்டிஷ் வைத்திய அமைப்பு டாக்டர்களுக்கு யோசனை கூறியது.

நோய் கடுமையாக இருந்தால் கதை வேறு. சாப்பாடு இறங்காமல், படுக்கையை விட்டு எழாமல், சாவைப் பற்றியே பேசுகிறவருக்கு மாத்திரை உயிர் காக்கும் துணையாகலாம். அங்கே "எல்லாம் மாவு மாத்திரை" என்று தத்துவம் பேசுவது ஆபத்து.

வீட்டார் செய்ய வேண்டியவை

மாத்திரை எழுதும் டாக்டரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். நோய் லேசானதா, கடுமையானதா? பலன் எத்தனை வாரத்தில் தெரியும்? என்ன தொந்தரவு வரலாம்? எப்போது, எப்படி நிறுத்துவது?

பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மனம் தளர வேண்டாம். முதல் சில வாரங்களிலும், மாத்திரையின் அளவை மாற்றும்போதும், கூடவே இருந்து கவனியுங்கள். முக்கியமாக, இளைஞர்களைக் கவனியுங்கள். படபடப்பு, தூக்கமின்மை, சாவுப் பேச்சு ஆகியவை கூடினால் உடனே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்திய அரசின் "டெலி மனஸ்" மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும், காசு இல்லாமல் பேசலாம்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள். உங்களுடையதை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள்.

மாவு மாத்திரை கற்றுக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. அதற்குள் மருந்து இல்லை. ஆனாலும் அதைச் சாப்பிட்டவர்கள் பலர் தேறினார்கள். அவர்களை வாரம்தோறும் ஒருவர் விசாரித்தார். அவர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "சரியாகிவிடும்" என்று தைரியம் சொன்னார்.

அந்த வைத்தியத்தை எந்தக் கம்பெனியும் விற்க முடியாது. எந்த வீட்டிலும் கொடுக்கலாம். மருந்து சாப்பிடுகிறவருக்கும் அது தேவை. சாப்பிடாதவருக்கும் அது தேவை!